துறைமுக வாயில் நின்றுபோகும் பாட்டு

என் அண்ணன் இருபத்திரண்டு வருடமாகக் கடலில் சேர்த்த சொத்து முழுவதும் கணினியில் பிடிக்கிற இடம், அவன் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய ஒரே ஒரு போட்டோ பிடிக்கிற இடத்தைவிடக் குறைவு. நான் பெருமையாகத்தான் இதைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அவ்ளோதானா பாப்பா?" என்று கேட்டான்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன். கல்மண்டபம் பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் நான் பாப்பாதான். அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவன். எங்கள் பக்கம் அந்த வேலைக்கு டிரைவர் என்றுதான் பெயர். போட்டு ஓனருடையது, வலை ஓனருடையது, டீசலும் ஓனருடையது. டிரைவருக்கென்று இருப்பது அவனுடைய பாயிண்ட்டுகள் மட்டும்தான்.

பாயிண்ட் என்றால் கடலில் ஓர் இடம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எண்களில் இருக்கும். இந்த இடத்தில் எறா, அதாவது இறால், கிடைக்கும், இந்த இடத்தில் கடலடியில் பாறையோ மூழ்கிய கப்பலோ கிடக்கிறது, வலை போட்டால் மாட்டும் என்று ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்ததை ஜி.பி.எஸ். பெட்டியில் குறித்து வைத்துக்கொள்வான். கூடப் பிறந்தவனுக்குக்கூடக் காட்டமாட்டான். நல்ல பாயிண்ட் வைத்திருக்கிற டிரைவரை ஓனர் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். பாயிண்ட் இல்லாதவன் ஸ்டியரிங் பிடிக்கிற ஆள், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு இரண்டு தொல்லை சேர்ந்து வந்தது. பெட்டி நிரம்பிவிட்டது. "ஒண்ணு போட்டா ஒண்ணு அழிக்கணும் பாப்பா. எத்த அழிக்கிறது? எல்லாம் நாம பட்டு தெரிஞ்சுகினது" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். அதோடு, தடைக்காலம் முடிந்ததும் அவன் வேறொரு ஓனரின் போட்டுக்கு மாறுகிறான். தடைக்காலம் என்பது மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை இரண்டு மாதம் கரையில் கட்டிப்போடும் காலம். பழைய பெட்டி பழைய போட்டோடு போய்விடும். இருபத்திரண்டு வருடத்தையும் அவன் ஒரு நீள நோட்டில் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். "இத்த கம்ப்யூட்டர்ல போட்டு, கடல்ல எனக்கு காட்டற மாதிரி ஒண்ணு பண்ணு" என்றான்.

எனக்கு இது ஜுஜுபி வேலை. அலுவலகத்தில் நான் பார்ப்பதெல்லாம் எங்கோ ஒரு ஊரில் ஓடுகிற சர்வர்கள், லட்சக்கணக்கான ஆட்கள், அவர்களுடைய கோடிக்கணக்கான விவரங்கள். இங்கே ஒரு ஆள், ஒரு லேப்டாப், நாலாயிரம் வரிக்குக் கொஞ்சம் குறைவான விவரம். எண்ணூர் புகைபோக்கி கண்ணுக்கு மறைந்தால் சிக்னலும் போய்விடும் என்பதால் இன்டர்நெட்டை நம்பவே முடியாது. எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கவேண்டும், அதற்குள்ளேயே முடியவேண்டும். ஒரு வாரத்தில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டில் இருந்ததை ஏற்றுவதற்குத்தான் நாள் பிடித்தது. அண்ணி சங்கரா மீனைச் செதிள் சுரண்டிக்கொண்டே, நோட்டை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துக்கொண்டு எண்களை வாசிப்பாள், நான் தட்டுவேன். பக்கத்துக்குப் பக்கம் செதிள் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அண்ணன் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தான். 'பழைய கப்பலு.' 'எறா நல்லா.' 'இஞ்சின் செத்த எடம்.' 'போவாதே.' 'போவாதே ரெண்டு.' 'இங்கயும் போவாதே.' ஓரிடத்தில் 'கண்ணாலம்' என்று இருந்தது. அண்ணி நிறுத்திவிட்டாள். அவர்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவனுக்கு நிறைய மீன் கிடைத்த இடமாம். "கட்டிக்கப் போறவளாண்ட கூட சொல்லல பாரு" என்று சொல்லிவிட்டு, மேலே வாசிக்காமல் இரண்டு மீனைச் சுரண்டினாள்.

சேமிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் தலைக்கனம் தொடங்கியது அங்கேதான். இவ்வளவு சின்ன விவரத்துக்கு எதற்குத் தரவுத்தளம், அது இதெல்லாம்? நிரலைத் திறந்ததும் ஒரே கோப்பிலிருந்து எல்லாவற்றையும் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளவேண்டியது, மூடும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் திரும்ப எழுதவேண்டியது. படிப்பது ஒரு முறை, எழுதுவது ஒரு முறை. இதைவிடச் சிக்கனம் உண்டா? பெயருக்குப் பத்து எழுத்துக்குமேல் இடம் கிடையாது என்றும் வைத்தேன். "பேரு வெக்க எடம் பத்தல பாப்பா" என்றான் அண்ணன். "சுருக்கமா வை. உனக்கு வாய் நீளம்" என்றேன்.

லேப்டாப் என்னுடைய பழசு. பேட்டரி உப்பிப்போய்விட்டதால் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டேன். போட்டில் இருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து நேராக ஒயர். அண்ணன் அமுக்கினால் போட்டு நிற்கிற இடத்தின் எண் தானாக ஏறும்படி ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவியையும் அதில் செருகினேன். அதன் ஹார்ட் டிஸ்க்கும் கிழடு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே முழுக்கோப்பையும் எழுதிக்கொள்ளட்டும் என்று முதலில் வைத்திருந்தேன். அப்படி எழுதும்போதெல்லாம் திரை இரண்டு மூன்று நொடி உறைந்து நின்றது. போட்டு கரையில் கட்டியிருக்கையில் அண்ணனுக்கு ஓட்டிக் காட்டினேன். சரியாக அவன் ஒரு பாயிண்ட்டை அமுக்கும்போது உறைந்தது. "வலை எறக்கசொல்ல இப்டி நின்னா இன்னா பண்றது?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தானாக எழுதுவதையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் திரையின் மூலையில் 'சேமித்து மூடு' என்று உள்ளங்கை அளவுக்கு ஒரு பட்டன். "கரைக்கு வந்ததும் இத அமுக்குண்ணா. அமுக்கினா எல்லாம் பத்திரம்" என்றேன். "செஞ்சுட்டா போச்சு" என்றான்.

தடைக்காலம் முடிந்து முதல் தங்கல், அதாவது கரைக்குத் திரும்பாமல் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற நடை. எட்டு நாள். எட்டாம் நாள் காலையில் அண்ணன் லேப்டாப்பை ஓர் அரிசிப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தான். கூடவே அவனுடைய தோஸ்து ஒருவர். இருபது வருடமாக அண்ணன் எந்தப் போட்டுக்குப் போனாலும் கூடவே போகிறவர். வலையை இழுக்கிற வின்ச்சில் நிற்பதுதான் அவர் வேலை.

நான் பந்தாவாக லேப்டாப்பைத் திறந்தேன். பழைய பாயிண்ட்டுகள் ஒன்று விடாமல் இருந்தன. புதிது ஒன்றுகூட இல்லை.

"இன்னா பாப்பா, காலியா கீது? முப்பத்தாறு அமுக்கினேன்" என்றான் அண்ணன்.

"பட்டன அமுக்கினியா?"

"கரைக்கு வந்து அமுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கை சுச்சாண்ட போயிட்ச்சு."

"சுச்ச எதுக்குண்ணா அணைச்ச? எத்தினி தபா சொன்னேன்? சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி சொன்னேனா இல்லியா?"

"வாயிக்கு வந்தா மெயின் சுச்ச அணைக்கணும். எல்லாரும் அப்டித்தான்."

வாய் என்று அவன் சொல்வது துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவருக்கு நடுவில் போட்டுகள் நுழைகிற இடத்தை. எனக்கு அப்போதைக்கு அந்தப் பேச்சு சாக்குப்போக்காகத்தான் பட்டது. ஒரு பட்டன், ஒரே ஒரு பட்டன், அதை அமுக்க முடியாதா என்று நான் கத்தினேன். இவ்வளவு பாடுபட்டு எழுதிக் கொடுத்தால் இப்படியா என்று கேட்டேன். அண்ணன் பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை. தோஸ்தைப் பார்த்தான். தோஸ்து தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருப்பார். அன்று தலை வெறுமையாக இருந்தது.

"அஞ்சாம் நாளு ஒரு எடத்துல வலை மாட்ச்சு" என்றான் அண்ணன். "கல்லா, கப்பலா தெரியல. என் பாயிண்ட்ல இல்லாத எடம். இழுக்கசொல்ல இரும்பு ரோப்பு அறுந்துச்சு. வந்த வேகத்துல இவன் தலைல கட்டியிருந்த துண்ட எடுத்துகினு போச்சு."

"துண்ட மட்டும்" என்றார் தோஸ்து. சிரிக்கத்தான் பார்த்தார். சரியாக வரவில்லை.

"எறா பாயிண்ட்டு போனா போவுது, நான் பேஜாராவல" என்றான் அண்ணன். "எறா இன்னொரு எடத்துல கெடைக்கும். அமுக்கி வெச்ச அந்தக் கல்லுதான் பேஜாரு. அத்த சுத்தி நல்ல எறா கீது, அந்தப் பக்கம் போவாம இருக்க முடியாது. புது ஓனரு அதுக்குத்தான் என்னிய இட்டாந்தாரு. கல்லு எங்க கீதுன்னு இப்ப தெரியாது."

"மறுபடி கண்டுபுடிக்க முடியாதா?"

"முடியும். மொதல்ல எப்டி கண்டுபுடிச்சனோ அப்டி."

அதன் அர்த்தம் எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. வலையை மறுபடி மாட்டவைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ரோப்பு மறுபடி இழுபடும், வின்ச்சில் மறுபடி அதே மனிதர் நிற்பார். நான் தோஸ்தின் தலையைப் பார்த்தேன். நரைத்து, நடுவில் கொஞ்சம் வழுக்கை விழுந்த தலை. இத்தனை வருடத்தில் துண்டு இல்லாமல் அன்றுதான் பார்க்கிறேன்.

அன்று நான் சாப்பிடவே இல்லை என்றெல்லாம் கதை விடமாட்டேன். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. தப்பு அண்ணன் மேல்தான் என்று மனசுக்குள் அடித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். சொன்னதைக் கேட்காதவனுக்கு எந்த நிரல் எழுதி என்ன பிரயோசனம்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணியோடு மீன் எடுக்க ஹார்பருக்குப் போனேன். அண்ணி நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்று உள்ளே வருகிற போட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் போட்டெல்லாம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும். ஒரு போட்டு துறைமுக வாய்க்குள் மூக்கை நுழைத்தது. பாட்டு பாதி வரியில் நின்றது. அடுத்த போட்டு வேறு பாட்டோடு வந்தது. அதே இடத்தில், பாதி வார்த்தையில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. எஞ்சின் சத்தம் மட்டும் மிச்சம்.

சின்ன வயதிலிருந்து நான் கேட்கிற விஷயம் இது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில், கரையில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு மரியாதை காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நினைக்கவே இல்லை. அண்ணியிடம், "ஏன் அண்ணி அங்க வந்ததும் பாட்டு நின்னுபோவுது?" என்று கேட்டேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்கியே பொறந்து வளந்தவதான நீ? மெயின் சுச்ச அணைச்சா எல்லாம்தான் நிக்கும். உள்ள வந்ததும் போட்டோட போட்டு ஒட்டி கட்டுவாங்க. பத்து போட்டு ஆளுங்க நம்ம போட்டு மேல ஏறித்தான் கரைக்கு வருவாங்க. போறவன் வரவன் எல்லாம் உள்ள எட்டிப் பாத்தா பாயிண்ட்டு தெரிஞ்சிடும்ல? அதான் வாயிலயே இருட்டாக்கிடுவாங்க."

அங்கேயே நின்றுவிட்டேன். உறைத்தது என்றால் அப்படி உறைத்தது. பாயிண்ட்டைப் பாதுகாக்கத்தான் அந்த ஸ்விட்சு. அண்ணன் வேலைக்குப் போன நாள் முதல் அவன் கை அந்த இடத்தில் அந்த ஸ்விட்சுக்குப் போகிறது. அந்தக் கையை, என் பட்டனுக்காக மாறச் சொல்லியிருக்கிறேன். தன் பாயிண்ட்டைக் காப்பாற்ற அவன் செய்ததே அதைத் தொலைத்தது, அப்படித் தொலைகிற மாதிரி எழுதி வைத்தது நான். அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டு, எப்போது மின்சாரம் நிற்கும், யார் நிறுத்துவார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அந்த வெட்கம் எனக்கு வீடு வந்து சேரும்வரை இருந்தது. வந்ததும் வேலையில் உட்கார்ந்தேன். வெட்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் சுபாவம் இல்லை.

யோசனையைத் தலைகீழாகத் திருப்பினேன். மின்சாரம் எந்த நொடியிலும் போகும், சொல்லாமல் போகும், எப்போதும் போகும். 'மூடுவது' என்று ஒன்று இந்த நிரலுக்கு இனிமேல் கிடையாது. அப்படியானால் எப்படிச் சேமிப்பது?

ஒரே கோப்புக்குள் அடங்குகிற சின்னத் தரவுத்தளம் ஒன்றை நிரலுக்குள்ளேயே வைப்பது ஒரு வழி. சர்வர் வேண்டாம். மின்சாரம் போனாலும் முந்தின நிலைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். நல்ல சரக்கு, நான் எத்தனையோ வேலையில் போட்டிருக்கிறேன். அதைத்தான் போடுவதாக இருந்தேன். அண்ணனிடம் சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். "நீ இல்லாட்டி நான் தொறந்து பாக்க முடியுமா?" லேப்டாப் கெட்டு, நான் வேலையாக வெளியூரில் இருந்தால், டோல்கேட்டில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து அவன் பாயிண்ட்டை அவன் படிக்க முடியுமா என்பது அவன் கவலை. நியாயமான கேள்வி. இந்தத் தடவை காதில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு வரி. எந்தக் கணினியிலும் திறக்கும். அண்ணன் ஒரு தடவை அமுக்கினால் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேரும். பழைய வரி எதையும் நிரல் தொடவே தொடாது. முழுவதையும் திருப்பி எழுதுகிற வேலை இல்லாததால் திரையும் உறையவில்லை, அந்தக் கிழட்டு டிஸ்க்குக்கு ஒரு வரி பெரிய பாரமா என்ன? கணினிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதச் சொன்னால் 'எழுதிட்டேன்' என்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். இப்போதே டிஸ்க்கில் எழுது, எழுதி முடித்தபிறகு சொல் என்று அதைக் கட்டாயப்படுத்த ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அதைப் போட்டேன். எழுதி முடிந்தால் ஒரு 'டிங்'. டிங் கேட்டால் பத்திரம், பட்டன் கிடையாது.

அழிப்பதற்கும் அதே சட்டம்தான். ஒரு பாயிண்ட்டை அழித்தால் அந்த வரி எங்கேயும் போகாது. 'மேலே இருக்கிற இன்னதை விட்டுவிடு' என்று கடைசியில் இன்னொரு வரி சேரும். திறக்கும்போது மேலிருந்து கீழே படித்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளும். கோப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளரும். வளரட்டும். இவன் இன்னும் முப்பது வருடம் ஓட்டினாலும் பத்துக் கேக் போட்டோ அளவைத் தாண்டாது. இவனுக்கு எது சிக்கனம் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பெயருக்குப் பத்து எழுத்து என்கிற கஞ்சத்தனத்தையும் எடுத்துவிட்டேன். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

சோதனையைக் கூடத்திலேயே வைத்தோம். நான் அமுக்குவேன், அண்ணன் ஒயரைப் பிடுங்குவான். முதலில் பயந்து பயந்து பிடுங்கினான். நான்காம் தடவையிலிருந்து அவன் ருசி கண்டுவிட்டான். தோஸ்து வந்து, "ரவ தள்ளு, நான் புடுங்கறேன்" என்றார். டிங் கேட்ட பிறகு பிடுங்கினார்கள், டிங் கேட்கும் முன்னால் பிடுங்கினார்கள், நான் அசந்த நேரத்தில் ஏமாற்றிப் பிடுங்கினார்கள். டிங் கேட்ட வரி ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு தடவை கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. நிரல் அந்தப் பாதியை ஓரம் தள்ளிவிட்டு மீதியோடு திறந்தது. "ஒயர் புடுங்க ஆம்பளைங்க ரெண்டு பேரு" என்றாள் அண்ணி.

"இப்ப சொல்லுண்ணா" என்றேன்.

"கடல்ல பாத்துட்டு சொல்றேன்" என்றான்.

இரண்டாவது தங்கலுக்குக் கிளம்பும் முன் தோஸ்து என்னிடம் வந்து, "பாப்பா, இந்த தபா பாயிண்ட்டு நிக்கும்ல?" என்று கேட்டார். தலையில் புதுத் துண்டு, இதுவும் சிவப்புதான். "நிக்கும்ண்ணா" என்றேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன். நான் எழுதிய எதைப் பற்றியும் ஒரு மனிதர் இப்படி முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் காலை நான் சுவரோரம் போய் நின்றேன். அண்ணன் போட்டு தெரிவதற்கு முன்னாலேயே அதன் பாட்டு கேட்டது. அவனுக்குப் பாட்டைச் சத்தமாகத்தான் வைக்கத் தெரியும். வாய்க்குள் நுழைந்தது. பாதி வரியில் பாட்டு நின்றது. சரி, அணைத்துவிட்டான், உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வின்ச்சுப் பக்கம் சிவப்புத் துண்டைத் தேடினேன். இருந்தது.

வீட்டில் அரிசிப் பையை அவிழ்த்தோம். அண்ணன் டீயை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அந்தக் கல்லைத் தேட அரை நாள் வலையே போடாமல் சுற்றியிருக்கிறான். ஆழம் காட்டுகிற கருவியை மட்டும் வைத்துக்கொண்டு, உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பியிருக்கிறான். வலை போடாமல் டீசலைக் கொளுத்துகிறானே என்று போட்டில் ஆளுக்கு ஆள் முணுமுணுத்திருக்கிறார்கள். "நான் முணுமுணுக்கல" என்றார் தோஸ்து. கடைசியில் திரையில் ஒரு மேடு தெரிந்திருக்கிறது. அண்ணன் அமுக்கினான். டிங்.

லேப்டாப்பைத் திறந்தேன். புதுப் பாயிண்ட்டுகள் நாற்பத்தொன்று. நான் எண்ணினேன், அண்ணன் விரல் விட்டு எண்ணினான், அண்ணி தனியாக எண்ணினாள். நாற்பத்தொன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுண்ணா" என்றேன்.

"கல்லு எங்க கீது பாரு" என்றான்.

கீழே தள்ளிக்கொண்டே போனேன். 'எறா.' 'எறா சுமார்.' 'நண்டு.' அப்புறம், பத்து எழுத்துக் கட்டுப்பாடு போன சந்தோஷத்தை ஒரே வரியில் தீர்த்துக்கொண்ட மாதிரி ஒன்று. 'பாப்பா தொலச்ச கல்லு போவாதே.'

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோஸ்து விட்டத்தைப் பார்த்தார். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே ஆறிப்போன டீ.

"இன்னாண்ணா இது?"

"பேரு வெச்சேன். எடம் குடுத்த இல்ல?"

"அழிச்சிடுவேன்."

"அழி. உன் புரோகிராமுதானே."

கை விசைக்குப் போனது. அங்கேயே நின்றது. அழித்தால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த வரி அப்படியே இருக்கும். அதற்குக் கீழே, 'அதை விட்டுவிடு' என்று இன்னொரு வரி சேரும். கல் திரையிலிருந்து போய்விடும், என் தப்பு கோப்பில் இருக்கும். அண்ணனுக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

'போவாதே' என்று இருக்கும் இடத்துக்கு அரை மைல் தூரத்தில் போட்டு வந்தால் மணி அடித்து, பெயரைப் பெரிதாகக் காட்டும்படி பிறகு ஒரு வசதி சேர்த்தேன். இப்போது ஒவ்வொரு தங்கலிலும் அந்தப் பக்கம் போகும்போது, நடுக்கடலில், முழுத்திரைக்கு என் தப்பு சிவப்பில் மின்னுகிறது. வேறு டிரைவர் பார்த்தால் என்ன நினைப்பான் என்று தோஸ்திடம் ஒரு நாள் கேட்டேன்.

"எவன் இன்னா நெனச்சா எனக்கு இன்னா" என்றார் அவர். "பாப்பான்னு திரைல வந்தா நான் வின்ச்ச வுட்டு பத்தடி தள்ளி நின்னுக்கறேன்."